நிலாவில் மோதித் திரும்பும் குரல்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவின் ஏதாவது ஒரு மொட்டைமாடியில் ஆண்டெனா வைத்து, நிலா வழியாக வெளிநாட்டுக்காரருடன் பேச முடியுமா? அனுப்புவதில் அதிகச் சிரமம் இல்லை. பதிலைக் கேட்பதுதான் கஷ்டம். கீழே உள்ள கடைகளின் மோட்டாரும் எல்இடி விளக்கும் எழுப்பும் மின் இரைச்சலில் நிலாவிலிருந்து வரும் முனகல் அமுங்கிப் போகும். ஹாம் ரேடியோ ஆர்வலர்களில் சிலர் கம்பியும் குழாயும் கட்டிக்கொண்டு தீவுகளுக்குக் கிளம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த விளையாட்டுக்கு மூன்பவுன்ஸ் என்று பெயர். சுவரில் எறிந்த பந்து போல, ரேடியோ அலையை நிலாவில் மோதவிட்டுத் திரும்பப் பிடிப்பது. போகவர இரண்டரை விநாடி ஆகும். அமெரிக்க ராணுவம் 1946 ஜனவரி 10 அன்று இதைச் செய்து காட்டியது. 1960-ல் அமெச்சூர்களும் நிலா வழியாக ஒருவரோடொருவர் தொடர்பு கொண்டார்கள்.

நஷ்டக் கணக்கைக் கேட்டால் தலை சுற்றும். 144 மெகாஹெர்ட்ஸில், ஆண்டெனாவின் உதவி இல்லையென்றால், அனுப்பிய சக்தியை 1-க்குப் பின் 25 பூஜ்யம் போட்ட எண்ணால் வகுத்தால் வருவதுதான் திரும்பி வரும். இங்கேதான் கடல் கை கொடுக்கிறது. நிலா அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது உப்புநீர் கண்ணாடி போல அலையைப் பிரதிபலிக்கும். நேராக வருவதும் கடலில் பட்டு வருவதும் கைகோத்தால் சிக்னல் நான்கு மடங்கு வரை பெருகும். காசு செலவில்லாமல் இன்னும் மூன்று ஆண்டெனா கிடைத்த மாதிரி. மீதி வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. 1993-ல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற ஜோசப் டெய்லரும் ஒரு ஹாம்தான். அவர் உருவாக்கிய ஜேடி65 என்ற முறை, காதுக்கு எட்டாத சிக்னலையும் இரைச்சலிலிருந்து பிரித்தெடுத்துவிடும்.

வேலை இல்லாதவர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் சிரிக்கலாம். அவர்கள் 2004 டிசம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனக் குழு, பாரதி பிரசாத் தலைமையில், அந்த மாதத் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் தற்காலிக நிலையம் அமைத்தது. நிலாவை நம்பி அல்ல, சாதாரணச் சிற்றலையில்தான். அந்தமானோடு பேசிவிட வேண்டும் என்று உலகெங்கும் ஹாம்கள் முண்டியடித்தார்கள். 26-ஆம் தேதி காலை பூமி அதிர்ந்தது, சுனாமி வந்தது, தொலைபேசிகள் ஊமையாயின. விளையாட்டுக்காகப் போன அதே கருவிகள் அன்று முதல், உயிரோடு இருப்பவர்களின் செய்தியைத் தாய்நாட்டுக்குச் சொல்லின.

அந்தக் குழு அங்கே இருந்தது தற்செயல். தற்செயலை நம்பி எத்தனை நாள் இருப்பது?

திருவனந்தபுரத்துக்கு மேற்கே 400 கி.மீ.க்கு அப்பால் இருக்கிறது மினிக்காய். 2017-ல் ஒக்கிப் புயல் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மீனவக் குடும்பங்களைக் கதறவைத்துவிட்டு லட்சத்தீவையும் தாக்கியது. கொச்சியிலிருந்து கடலடிக் கேபிள் அங்கே போய்ச் சேர்ந்தது 2024 ஜனவரியில்தான். அதுவரை வெளியுலகத் தொடர்புக்குச் செயற்கைக்கோளே கதி. கேபிள் நல்ல விஷயம். ஆனால் கேபிள் அறுபடும், டவர் சாயும், டீசல் தீரும்.

லட்சத்தீவுக்குள் நுழையவே வெளியாருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். எல்லைப் பகுதி என்பதால் அரசு எச்சரிக்கையாக இருப்பதில் தப்பில்லை. ஆனால் உரிமம் பெற்ற ஹாம்கள் ஆண்டுக்கு ஒருமுறை அங்கே முகாம் போட எளிதான ஏற்பாடு செய்வதும், தீவுப் பள்ளிப் பிள்ளைகளை உரிமத் தேர்வுக்குத் தயார் செய்வதும் பெரிய செலவில்லாத காரியம். மணலில் கம்பம் நட்டு, கிடைத்த மின்சாரத்தில், இரைச்சலுக்கு நடுவே முனகலைப் பிடிக்கத் தெரிந்தவருக்குப் புயல் ராத்திரியில் கொச்சியை எட்டுவது பெரிய காரியமாகத் தெரியாது.

நிலாவுக்கு வாடகை கிடையாது. அது பழுதாவதும் இல்லை. அடுத்த புயலுக்கு முன்பு, அதைப் பார்த்து ஆண்டெனாவைத் திருப்பத் தெரிந்த நாலு பிள்ளைகள் மினிக்காயில் இருக்க வேண்டும்.