கூடுதல் தளம் வேண்டுமா? மின்சாரத்தைச் சேமிக்கட்டும்

சென்னை அடுக்ககங்களில் மேற்கு பார்த்த சுவரைச் சித்திரை மாதத்தில் இரவு பத்து மணிக்குத் தொட்டாலும் சுடும். அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் ஏ.சி. விடியவிடிய ஓடுகிறது. வெளிச்சுவரில் வெப்பத்தடுப்பு அடுக்கும், சன்னல்களுக்கு மேல் அகலமான சன்ஷேடும் இருந்தால் மின் கட்டணம் கணிசமாகக் குறையும். கட்டுநர்கள்தான் இடம்விட மனம் வைப்பதில்லை. ஒவ்வொரு சதுர அடியும் அவர்களுக்குக் காசு.

அந்தக் கணக்கை மாற்றும் கருவி அரசின் கையில் இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, சாலையின் அகலத்தைப் பொறுத்துக் கூடுதல் எஃப்.எஸ்.ஐ.யை, அதாவது மனைப் பரப்புக்கு ஏற்ப அனுமதிக்கப்படும் தளப்பரப்பை, கட்டணம் கட்டி வாங்கலாம். இனி, பணம் மட்டுமே அதற்கு விலையாக இருக்கக் கூடாது. மின் சிக்கனமும் கூரைச் சூரிய மின்சாரமும் நிபந்தனையாக வேண்டும். நொய்டாவில் பெரிய மனைகளில் உயர்ந்த கிரிஹா பசுமைக் கட்டடத் தரச்சான்று பெறும் கட்டடங்களுக்கு 5 சதவீதக் கூடுதல் தளப்பரப்பு ஏற்கெனவே இலவசம்.

சில இடங்களில் விதியைத் தளர்த்தினாலே போதும். பழைய கட்டடங்களின் வெளிச்சுவரில் 8 அங்குலம் வரை சேர்க்கும் வெப்பத்தடுப்பைத் தளப்பரப்பில் கணக்கிட வேண்டாம் என்று நியூயார்க் 2012-இல் மண்டல விதிகளைத் திருத்தியது. மேகமும் தூறலும் மிகுந்த சியாட்டிலில் 2013-இல் திறக்கப்பட்ட ஆறு மாடி புல்லிட் மையம், 575 சூரியத் தகடுகளுடன் தன் தேவைக்கான மின்சாரத்தை ஆண்டுக் கணக்கில் தானே தயாரிக்கிறது. பகல் வெளிச்சம் உள்ளே எட்ட ஏதுவாகத் தளங்களை உயர்த்திக்கட்ட நகர நிர்வாகம் ஒரு சிறப்புத் திட்டத்தின்கீழ் உயர வரம்பைத் தளர்த்தியது. ஆனால், அத்திட்டத்தில் சலுகை பெறுவோர் கட்டி முடித்த பிறகு இலக்கை எட்டியதை மெய்ப்பிக்க வேண்டும், தவறினால் அபராதம்.

தமிழ்நாடு கற்க வேண்டியது கட்டிய பிறகும் தொடரும் இந்தச் சரிபார்ப்பைத்தான். 2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. நாடே திரும்பிப் பார்த்த நடவடிக்கை அது. கண்காணிப்பு தளர்ந்ததும் பல வீடுகளில் சேகரிப்புக் குழிகள் தூர்ந்தன. 2019-இன் தண்ணீர்ப் பஞ்சத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்த தண்ணீருக்குச் சென்னை காத்திருந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பேருக்கு நிறுத்திய சூரியத் தகட்டைப் படம்பிடித்துப் பணி நிறைவுச் சான்று வாங்கும் நிலை வரக் கூடாது. சலுகை பெறுபவரிடம் வைப்புத்தொகை வாங்கி, குடியேறி ஓராண்டு கழித்து மின்வாரிய அளவீடுகளைப் பார்த்த பிறகே அதைத் திருப்பித் தர வேண்டும்.

வீட்டு விலை ஏறும் என்பார்கள். கூடுதலாகக் கிடைக்கும் தளத்தை விற்கத்தானே போகிறார்கள். செலவை அது ஈடுகட்டும். அரை கிரவுண்டில் தனி வீடு கட்டும் குடும்பத்துக்கோ அந்தச் சலுகையால் பயனில்லை. சன்ஷேடும் சூரியத் தகடுகளைத் தாங்கும் சட்டமும் பக்க இடைவெளி, உயரக் கணக்குகளில் வராதபடி அவர்களுக்கு விலக்கு தருவதே நியாயம்.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் 2026–2046 காலகட்டத்துக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தில் இவை இடம்பெற வேண்டும். திட்டம் குறித்துக் கருத்துக் கேட்கும்போது குடியிருப்போர் நலச் சங்கங்கள் இதை எழுத்துபூர்வமாகக் கோர வேண்டும்.