பல் டாக்டர் என்ன பரிசு கொடுக்கலாம்?

பல் வலி பொல்லாதது. ராத்திரி தூங்க விடாது. சோறு தின்ன விடாது. எவ்வளவு தைரியசாலியானாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டாக்டர் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துவிடும்.

பல்லைப் பிடுங்கியாயிற்று. பணமும் கொடுத்தாயிற்று. புறப்படும்போது ஒரு பை கைக்கு வருகிறது. பையின் மேல் டாக்டர் பெயர், செல்போன் நம்பர். உள்ளே ஒரு பேனா, ஒரு சாவி வளையம். கூட வந்த குழந்தைக்கு ஒரு சாக்லேட்!

பல் சொத்தைக்கு முக்கியக் காரணம் இனிப்பு. அதை டாக்டரே கொடுக்கலாமா? தீயை அணைக்க வந்தவர், போகும்போது தீப்பெட்டி கொடுத்துவிட்டுப் போவது போல அல்லவா இருக்கிறது!

பெயர் போடுவது தப்பா?

ஜவுளிக்கடை மஞ்சள் பை கொடுக்கிறது. நகைக்கடை காலண்டர் கொடுக்கிறது. அதில் கடையின் பெயர் இருக்கிறது. யாரும் குறை சொல்வதில்லை.

ஆனால், டாக்டர் தொழில் ஜவுளி வியாபாரம் அல்ல. நேராகவோ மறைமுகமாகவோ நோயாளிகளை வலிந்து அழைப்பது தவறு என்று, இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2014-ம் ஆண்டு வெளியிட்ட ஒழுக்க விதிகள் சொல்கின்றன.

ஆகவே, "நாலு பேரைக் கூட்டி வந்தால் பரிசு" என்பது கூடாது. சிகிச்சைக்கு வந்தவரின் பல்லைக் காப்பாற்ற ஒரு பொருள் கொடுப்பது வேறு. ஆள் பிடிக்கப் பொருள் கொடுப்பது வேறு. முதலாவது உதவி. இரண்டாவது வியாபாரம்.

வீட்டில் எத்தனை பேர்?

பிரஷ் கொடுப்பது நல்லது. ஆனால், எந்த பிரஷ்? மிருதுவான நார் உள்ள பிரஷாக இருக்க வேண்டும். முரட்டு பிரஷ் ஈறைக் கிழிக்கும், பல்லைத் தேய்க்கும். குழந்தைக்குத் தலை சிறியதாக இருக்க வேண்டும். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு முறை பிரஷை மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஏழை வீட்டில் ஒரே பிரஷை அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். அந்த வீட்டுக்கு ஒரு பிரஷ் கொடுத்தால் என்ன பலன்? ஒருவர் வாய்க் கிருமி இன்னொருவர் வாய்க்குப் போகும். "வீட்டில் எத்தனை பேர்?" என்று டாக்டர் கேட்க வேண்டும். ஆளுக்கு ஒன்றாக, வேறு வேறு நிறத்தில் கொடுக்க வேண்டும்.

பற்பசை கொடுத்தால், புளோரைடு உள்ளதாகப் பார்த்துக் கொடுக்கலாம். அளவையும் சொல்ல வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே அரிசி அளவு போதும். மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. குழந்தை அதை விழுங்கிவிடக் கூடாது. துப்பப் பழக்க வேண்டும். காலையிலும், ராத்திரி படுக்குமுன்பும், இரண்டு நிமிஷம் துலக்க வேண்டும். இரண்டு நிமிஷம் ஓடும் சிறிய மணல் கடிகாரம் ஒன்று கொடுத்தால், குழந்தை விளையாட்டாகவே துலக்கும்!

எதில் போட்டுக் கொடுப்பது? தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. துணிப்பை போதும். அது மளிகைக்கடைக்கும் உதவும்.

நடு ராத்திரியில் உதவும் அட்டை

எல்லாவற்றையும்விட நல்ல பரிசு, ஒரு சின்ன அட்டை!

பல் பிடுங்கியவர் என்ன செய்ய வேண்டும்? பஞ்சை அரை மணி நேரம் இறுக்கிக் கடித்திருக்க வேண்டும். அன்று முழுவதும் வாயை வேகமாகக் கொப்பளிக்கக் கூடாது. காறித் துப்பக் கூடாது. பீடி, சிகரெட் கூடாது. சூடாக எதுவும் கூடாது. மறுநாள் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மெதுவாகக் கொப்பளிக்கலாம்.

டாக்டர் இதை வாயால் சொல்கிறார். வலியில் இருப்பவர் காதில் பாதிதான் விழுகிறது. வீட்டுக்குப் போனதும் வாயைக் கொப்பளிக்கிறார். உறைந்த ரத்தம் கழன்றுவிடுகிறது. நடு ராத்திரியில் மறுபடி ரத்தம்! வீடே கலங்குகிறது.

இதையெல்லாம் பெரிய எழுத்தில், எளிய தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன? எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் புரிந்துகொள்வார். டாக்டரின் பெயரும் நம்பரும் அதில் இருக்கட்டும். அப்போது அது வெறும் விளம்பரம் அல்ல. ரத்தம் நிற்காதபோது யாரைக் கூப்பிடுவது என்று காட்டும் வழிகாட்டி.

காலண்டர் கொடுக்கிறவர்களும், சாமி படத்துக்குக் கீழே நாலு வரி சேர்க்கலாம். பையன் கீழே விழுந்து, முளைத்த நிலைப்பல் வேரோடு வந்துவிட்டால் என்ன செய்வது? வேரைத் தொடாமல் பல்லின் மேல்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். தேய்த்துக் கழுவக் கூடாது. பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் ஓட வேண்டும். மீண்டும் பொருத்த வாய்ப்பு உண்டு. நேரம் போகப் போக வாய்ப்புக் குறையும். பால் பல்லுக்கு இது பொருந்தாது.

இந்த நாலு வரி தெரியாததால் குப்பைக்குப் போகும் பற்கள் உண்டு!

செலவு யார் தலையில்?

"இதற்கெல்லாம் பணம் வேண்டாமா?" என்று டாக்டர்கள் கேட்கலாம். பேனாவுக்கும் சாவி வளையத்துக்கும் பணம் இல்லையா? அந்தச் செலவும் கடைசியில் நோயாளி கொடுக்கும் கட்டணத்தில்தானே வந்து சேர்கிறது? அவர் பணம், அவர் பல்லுக்கே பயன்படட்டும்.

பொதுமக்களும் சும்மா இருக்கக் கூடாது. பை கிடைத்ததா என்று பார்ப்பதை விட்டு, "வீட்டில் என்ன செய்ய வேண்டும்? எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்க வேண்டும்.

சாவி வளையம் ஒரு மாதத்தில் தொலைந்துவிடும். காப்பாற்றிய பல் கடைசி வரை கரும்பு கடிக்கும். டாக்டரின் பெயரை நாலு பேரிடம் சொல்ல அதைவிட நல்ல விளம்பரம் ஏது? பல் டாக்டர்கள் யோசிப்பார்களா?