கைசர் காலத்துத் துவக்கு

எங்கள் தெருவில் இருக்கும் ஜேர்மன் அம்மாவுக்குத் தமையன் காலமானதும் ஓர் இரட்டைக்குழல் துவக்கு வந்து சேர்ந்தது. தாத்தா கைசர் காலத்தில் வாங்கியது என்பது அந்த வீட்டுக் கதை. அதற்குச் சாட்சியும் இருந்தது: குழலின் அடியில் மகுடம் மகுடமாகக் குத்தியிருக்கிறதாம். நான் பழைய நாணயம் சேர்க்கிறவன் என்பதால் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வரச் சொன்னார்.

துவக்கு என்றதும் எங்கட ஆக்களுக்கு வயிற்றைக் கலக்கும். எண்பதுகளில் ஊரில் அப்படியொன்று வீட்டில் இருந்தால், யார் எந்த இரவில் வந்து கேட்பார்கள் என்று நித்திரை வராது. இங்கே ஜேர்மனியில் அந்தப் பயம் இல்லை, சட்டம் இருக்கிறது. மரபுரிமையாகத் துவக்கு பெற்றவர், உரிமையை ஏற்ற ஒரு மாதத்துக்குள் உரிமப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் ஹம் நகரில் அது பொலிஸ் தலைமையகத்தின் வேலை. வேட்டைக்காரராகவோ சுடும் கழகத்தவராகவோ இல்லாத வாரிசு குழலுக்குள் பூட்டுப் போடுவித்துத்தான் வைத்திருக்கலாம். 2008 முதல் அப்படி. அந்த அம்மா எல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தார். வேடிக்கை என்னவென்றால், எங்கள் வன்னி இடியனைப் போல வாய்வழி மருந்து கெட்டித்துத் தொப்பி வைத்துச் சுடும் ஒற்றைக்குழல் துவக்கு, 1871 ஜனவரி 1க்கு முந்திய மாதிரியாக இருந்தால், இந்த நாட்டில் அதை வைத்திருக்க உரிமமே தேவையில்லை.

வேட்டை உரிமம் உள்ள அவருடைய மருமகன் குழலுக்கு அடியில் இருந்த மரத்துண்டைக் கழற்றி, நெம்பைத் தள்ளி, இரு குழல்களையும் தனியாக எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தார். துவக்கின் பிறப்புச் சான்றிதழ் அங்கேதான் இருக்கும். வெளியில் செதுக்கிய மானையும் ஓக் இலையையும் பார்த்து வயது சொல்பவர்களை நம்பாதீர்கள்; அந்த மான் ஐம்பது வருடம் மாறாமல் ஓடியிருக்கிறது.

மகுடங்கள் இருந்தன, பொய்யில்லை. ஜேர்மனியில் துவக்குகளை அரசு சோதித்து முத்திரை குத்தும் சட்டம் 1891இல் வந்து, 1893 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மகுடத்தின் கீழ் ‘எஸ்’ என்றால் சன்னம் சுடும் குழல். ‘டபிள்யூ’ என்றால் வாய்ப்பக்கம் நெருக்கிய குழல். வட்டத்துக்குள் குழலின் அளவு 16 என்று இருந்தது. ஜேர்மன்காரருக்கு 12 போரைப் போலவே 16 போரும் பிடித்தமானது. குழப்பம் எங்கே வருகிறது என்றால், கைசர் 1918இல் போய்விட்டார், அவருடைய மகுடம் போகவில்லை. குடியரசு வந்தது, ஹிட்லர் வந்தான், சோதனைச்சாலை அதே மகுடத்தைக் குத்திக்கொண்டே இருந்தது. 1939ஆம் ஆண்டுச் சட்டம் 1940இல் அமலான பிறகுதான் மகுடம் போய்க் கழுகு வந்தது.

ஆகவே மகுடத்தை விட்டுவிட்டு இலக்கத்தைத் தேடினேன். பழைய எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்ததும் சின்னதாக ‘4 27’ தெரிந்தது. சூல் நகரச் சோதனைச்சாலை அந்தக் காலத்தில் மாதத்தையும் வருடத்தையும் இப்படிக் குத்தியது. 1927 ஏப்ரல். கைசர் அப்போது ஒல்லாந்தில் விறகு வெட்டிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவின் முகம் வாடியது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டியில் இருந்தது: சிம்சன், சூல். பேரன் எட்டிப் பார்த்து, “மொபெட் கம்பெனி துவக்கும் செய்ததா?” என்றான். கிழக்கு ஜேர்மனியின் அந்த மொபெட்டுக்குப் பெயர் கொடுத்தது 1856இல் தொழில் தொடங்கிய ஒரு யூதக் குடும்பம். நாஜிகள் தொழிற்சாலையைப் பறித்தார்கள். 1936இல் குடும்பம் நாட்டை விட்டு ஓடியது. அதன்பின் அங்கிருந்து வந்த துவக்குகளில் வேறு பெயர். போருக்குப் பிறகு கிழக்கு ஜேர்மனியில் அந்தப் பெயர் துவக்குகளுக்கும் திரும்பியது; ஆகவே பட்டியில் சிம்சன் என்று இருந்தாலும், அது பறிப்புக்கு முந்தியதா என்று முத்திரை பார்த்துத்தான் சொல்லலாம்.

அப்படியானால் தாத்தாவின் துவக்கு? ஒன்று இருந்திருக்கலாம். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை ஹம்முக்குள் வந்தது. 1946 ஜனவரியில், எல்லா ஆயுதத்தையும் ஒப்படைக்க வேண்டும், மீறினால் மரண தண்டனை வரை போகும் என்று நேச நாடுகளின் கட்டளை வந்தது. தாத்தா ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை ஒளித்திருப்பார் என்று மருமகன் சொன்னார். அந்த அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, “டமஸ்கஸ் உருக்கு எங்கட தென்னிந்தியாவில் இருந்து போனதுதானே” என்று தொடங்கிவிட்டார். வாளுக்கு அது பொருந்தும். பழைய துவக்குக் குழலில் தெரியும் வரிவரியான டமஸ்கஸ் வேறு சரக்கு: இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியது. பெல்ஜியத்தின் லியேஜ் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு அந்தத் தொழில். அந்த அம்மாவின் குழல் அதுவும் இல்லை, இங்கிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய எசனில் வார்த்த குருப் உருக்கு.

யாழ்ப்பாணத்திலோ தஞ்சாவூரிலோ உங்கள் தாத்தா வைத்திருந்தது பெரும்பாலும் பிரித்தானியத் துவக்காக இருக்கும். மகுடத்தின் கீழ் ‘பி.என்.பி.’ என்று இருந்தால் பர்மிங்ஹாம், 1904க்குப் பிந்தியது. ‘குண்டு போடாதே’ என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருந்தால் 1875க்கும் 1887க்கும் இடைப்பட்டது. நீள்வட்டத்துக்குள் ‘ஈ.எல்.ஜி.’ என்றால் லியேஜ். மேலே மகுடம் இருந்தால் 1893க்குப் பிந்தியது.

ஒரு வேண்டுகோள். இப்படியொன்று கைக்கு வந்தால் நீங்களே காரில் போட்டுக்கொண்டு பொலிசுக்குப் போகாதீர்கள். முதலில் தொலைபேசியில் கூப்பிட்டு அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். பழைய துவக்கின் அறை 65 மில்லிமீற்றராக இருக்கும், இன்றைய தோட்டா 70. போட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம். துருவைப் போக்குகிறேன் என்று அடியில் மணல்தாள் மட்டும் தேய்த்துவிடாதீர்கள். அந்த முத்திரை அழிந்தால் பிறகு வீட்டுக் கதையைத்தான் நம்ப வேண்டிவரும்.