கபாலம் தூக்கிய நாய்

சென்ற மாதம் இங்கே நாக்பூரில் சில கல்லூரி மாணவர்கள் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ நாடகத்தை இந்தியில் போட்டார்கள். 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் சமஸ்கிருதத்தில் எழுதியது. பேரனை வற்புறுத்தித்தான் அழைத்துப் போனேன்.

கதை நடப்பது காஞ்சியில். குடிபோதையில் கபாலத்தைத் தொலைத்த காபாலிகன், வழியில் வந்த புத்த பிட்சுவைத் திருடன் என்று வம்புக்கு இழுக்கிறான். கடைசியில் பார்த்தால், தூக்கிப் போனது ஒரு நாய்! (கபாலத்தில் வறுத்த இறைச்சி இருந்ததாம்.) நாய் வேஷக்காரப் பையன் அதைக் கவ்விக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஓடியபோது அரங்கமே அதிர்ந்தது. பேரன் எழுந்து நின்று கைதட்டினான்.

திரும்பும்போது கேட்டான்: “தாத்தா, இது நம்ம அரக்கோணம் பக்கத்துல இருக்கிற காஞ்சிபுரமா?” நாலு வருடத் தமிழ் வகுப்பில் அவன் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

ஆண்டு விழாவில் நாமே தமிழில் போடலாமே என்றேன். “குடிகாரச் சாமியார் கதை, குழந்தைகளுக்கு ஆகாது” என்றார் நண்பர் ஒருவர். எழுதியவன் குடைவரைக் கோயில்கள் எடுத்த அரசன். கேரளத்தில் கோயில்களிலேயே ஆடுகிறார்கள். மாமியாரைக் கேலி செய்யும் நாடகத்துக்குக் குடும்பத்தோடு போகும் நமக்கு இதில் மட்டும் என்ன கூச்சம்?

ரயில் பாலம் கட்டிய கை. மேடை அமைப்பு என் பொறுப்பு. நாய் வேஷத்துக்குப் பேரன் தயார். காபாலிகனுக்குத்தான் ஆள் வேண்டும்.