எந்தத் தெருவில் இறக்கி விடுவீர்கள்?

‘இன்று நேற்று நாளை’ படத்துக்கு இரண்டாம் பாகம் வேண்டுமா, வேண்டாமா? ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் இந்த வழக்கு வருஷக்கணக்காக நடந்துகொண்டிருக்கிறது. முதல் படம் 2015 ஜூனில் வந்தது. 2021 ஜனவரியில் இரண்டாம் பாகத்துக்குப் பூஜை போட்டார்கள். முதல் படத்தை எடுத்த ஆர்.ரவிக்குமார் கதையைத்தான் கொடுக்கிறார், இயக்குவது வேறொருவர் என்றார்கள். பிறகு வருஷங்கள் ஓடின. படம் வரவில்லை, சண்டை மட்டும் ஓயவில்லை. ‘எடுத்தவனே எடுக்கலேன்னா அது ரெண்டாம் பாகமே கெடையாது’ என்று ஒரு கட்சி. ‘டெர்மினேட்டர்’ இரண்டாம் பாகம் 1991இல் வந்து முதல் பாகத்தைத் தூக்கிச் சாப்பிடவில்லையா என்று எதிர்க்கட்சி. அதெல்லாம் கிடக்கட்டும், ‘24’ படத்துக்குத்தான் அடுத்த பாகம் வேணும், அந்தக் கைக்கடிகாரத்துக்கு முன்னால் மற்றதெல்லாம் தூசு என்று சூர்யா ரசிகர்கள். ‘மாநாடு’, ‘மார்க் ஆண்டனி’ என்று அவரவர்க்கு ஒரு கொடி. மில்லில் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள், காலேஜ் பையன்கள், நடுவே வங்கிக் குமாஸ்தாவான நான். கவிதை எழுதுகிறவன் என்பதால் தீர்ப்புச் சொல்லும் யோக்யதை எனக்கு இருப்பதாக அங்கே ஒரு மூடநம்பிக்கை.

தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சண்டையில் இருக்கிற எல்லாக் கட்சியும் ஒரே கட்சிதான்.

ஒருநாள் நான் கேட்டேன். சரிப்பா, மிஷின் உங்க கையில இருக்கு, எங்கே போவீங்க? ராஜராஜ சோழன் பெரிய கோயில் கட்டுறதைப் பார்க்கணும் என்றான் ஒருத்தன். எம்ஜிஆர் ஷூட்டிங் பார்க்கணும் என்றார் ஒரு மில்காரர். இன்னொருத்தன் விவரமானவன், இருபது வருஷம் பின்னால் போய் ரோட்டோரமாக நாலு ஏக்கர் வாங்கிப் போடுவானாம். எங்க தெருப் பையன் ஒருவன் வடையைப் பிய்த்துக்கொண்டு பேசாமல் இருந்தான். நீ? என்றேன். ‘நான் பின்னாடி போகமாட்டேன்ணே. போனா முன்னாடிதான்’ என்றான். பயந்தாங்கொள்ளி என்று எல்லோரும் சிரித்தார்கள். தோழர்களே, டைம் மிஷின் படங்களைப் பற்றி நான் கேட்ட ஆகச் சிறந்த விமர்சனம் அந்த ஒரு வரிதான்.

அவன் ஏன் போகமாட்டான்? ராஜராஜனைப் பார்க்கப் போகிறவன் எந்தத் தெருவில் போய் இறங்குவான் என்று அவனுக்குத் தெரியும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே பறைச்சேரியும் இருக்கிறது, தீண்டாச்சேரியும் இருக்கிறது. கல்லிலே வெட்டி வைத்திருக்கிறான், மிஷின் எதற்கு? 2019இல் பா.ரஞ்சித் திருப்பனந்தாளில் ராஜராஜன் காலம் நம் மக்களுக்கு இருண்ட காலம் என்று பேசினார். வழக்குப் பாய்ந்தது. வாயால் ஆயிரம் வருஷம் பின்னால் போய்விட்டு வந்ததற்கே போலீஸ் ஸ்டேஷன். உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்ய 2021 ஆயிற்று.

1895இல் வெல்ஸ் எழுதிய நாவலில் மிஷின் இடத்தை விட்டு நகராது. நின்ற இடத்திலேயே நிற்கும், காலம் மட்டும் ஓடும். சினிமாக்காரர்கள் இதை வசதிப்படி மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் சாதி சமூகத்துக்கு வெல்ஸின் மிஷின்தான் பொருத்தம். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் நின்றுகொண்டு நூறு வருஷத்தைப் பின்னால் திருகிப் பாருங்கள். கோபுரம் அதே கோபுரம், தேர் அதே தேர். நீங்கள் யார்? சட்டை போட்டிருக்கிறீர்களே, கழற்றணுமா? செருப்பைக் கக்கத்தில் இடுக்கணுமா? அந்தத் தெருவுக்குள் வரவே கூடாதா? படத்தின் நாயகன் எதையும் கேட்பதில்லை. எந்த வருஷத்தில் இறங்கினாலும் நடுத்தெருவில் கைவீசி நடக்கிறான், எந்த வீட்டிலும் தண்ணி வாங்கிக் குடிக்கிறான். அவனுக்குச் சாதி கிடையாது என்று ரசிகன் நினைக்கிறான். கேள்வி கேட்கப்படாமல் எல்லாக் காலத்திலும் நடக்க முடிகிறதே, அதுதானய்யா அவன் சாதி!

1991இல் தெலுங்கில் ‘ஆதித்யா 369’ வந்தது. தமிழில் ‘அபூர்வ சக்தி 369’. தென்னாட்டு டைம் மிஷினுக்கு முன்னோடி என்று எல்லோரும் கும்பிடும் படம். 2025 ஏப்ரலில் மறுபடியும் திரைக்கு வந்தது. அதன் அடுத்த பாகத்துக்கும் தலைப்பெல்லாம் வைத்துப் பேசியாயிற்று. அதில் நாயகன் கிருஷ்ணதேவராயன் சபையில் போய் இறங்குகிறான். ராயனாகவும் நாயகனாகவும் நடித்தவர் ஒருவரே, பாலகிருஷ்ணா. அதாவது நானூறு ஐந்நூறு வருஷம் பின்னால் போனவன் சிம்மாசனத்தில் தன் மூஞ்சியையே பார்க்கிறான். இதைவிட வெளிப்படையாக யாரும் சொல்லிவிட முடியாது. எங்கள் மூஞ்சி அந்தச் சபையில் எங்கே இருக்கும்? வாசலுக்கு வெளியே, செத்த மாட்டை இழுத்துக்கொண்டு.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1979இல் ‘கின்ட்ரட்’ என்று ஒரு நாவல் எழுதினார். 1976இல் கலிபோர்னியாவில் வாழும் டேனா என்ற கறுப்புப் பெண், அடிமை முறை நடந்த காலத்து மேரிலாந்துப் பண்ணைக்கு இழுத்துச் செல்லப்படுகிறாள். ஒருமுறை அவளுடைய வெள்ளைக்காரப் புருஷனும் கூடவே போய்விடுகிறான். ஒரே பயணம், ஒரே பண்ணை. அவன் அங்கே விருந்தாளி. அவள் அவனுடைய அடிமையாக நடிக்கவேண்டும். கடைசியில் ஒரு கையை இழந்துதான் திரும்புகிறாள். இதற்குப் பக்கத்தில் 1985இல் வந்த ‘பேக் டு தி ஃபியூச்சரை’ வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பையன் 1955க்குப் போய் கிதார் வாசிக்கிறான். அதைக் கேட்டுத்தான் கறுப்பு இசைமேதை சக் பெர்ரிக்கே ராக் அண்ட் ரோல் பிடிபடுகிறது என்பது போல ஒரு ஜோக். தியேட்டரே கைதட்டியது. பின்னால் போகிறபோதும் களவாணித்தனம்.

எங்கள் மாவட்டத்திலும் ஒரு டைம் மிஷின் விட்டார்கள், தெரியுமா? 1997இல். அது ஒரு பஸ். புதுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தது அரசாங்கம். கட்டபொம்மன் படையில் நின்று வெள்ளைக்காரனோடு மோதிச் செத்த தேவேந்திரர் அவர். இருநூறு வருஷம் பின்னாலிருந்து ஒருவர் எழுந்து வந்து ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே நெற்றியில் பெயரோடு ஓடப்போகிறார்! விட்டார்களா? அந்தப் பேரு போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதிகள் கிளம்பின. பஸ் உடைந்தது, குடிசை எரிந்தது, உயிர்கள் போயின. அந்த ஜூலையில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை மொத்தமாக நீக்கிவிட்டார்கள். காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்போதுதான். எங்கள் ஒருவர் பெயரைத் தாங்க முடியாமல் அவர்கள் தங்கள் பெயர்களையே அழித்துக்கொண்டார்கள். ‘அந்தப் பேரு எழுதுன பஸ்சு வந்தா மொத ஆளா ஏறணும்னு இருந்தேன்’ என்பார் எங்க அய்யா. ஏறினீங்களா என்று கேட்டால் சிரிப்பார். இன்றைக்கு அதே ரோட்டில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், பேரில்லாத பஸ்.

இனி லாஜிக்குக்கு வருவோம். ரசிகக் கண்மணிகள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவது அதைத்தானே. கடந்த காலத்தில் கை வைக்காதே, ஒரு துரும்பை நகர்த்தினாலும் நிகழ்காலம் குட்டிச்சுவராகிவிடும். இதுதான் அவர்களுடைய வேதம். ‘இன்று நேற்று நாளை’யில் வரும் கோளாறு என்ன? போலீஸ் என்கவுண்டரில் சாக வேண்டிய குழந்தைவேலு என்ற ரவுடி, இவர்கள் போய்க் குழப்பியதால் பிழைத்துவிடுகிறான். படம் சிரிப்பாகத்தான் போகிறது, நானும் சிரித்தேன். ஆனால் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். காலம் ஒழுங்காக ஓடவேண்டுமானால் ஒரு என்கவுண்டர் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும்! என்கவுண்டர் என்றால் விறைத்துப்போகும் ஒரு தாய்க்கு இந்த லாஜிக்கைச் சொல்லிப் புரியவைக்க முடியுமா? (‘மாநாடு’ ஒன்றை மட்டும் தனியே வைக்கிறேன். ஒரு முஸ்லிம் பையன் திரும்பத் திரும்ப அதே நாளில் விழுந்து, தன் சனத்தின் மேல் வரப்போகும் கலவரத்தைத் தடுக்கப் போராடுகிறான். அங்கே மிஷினுக்கு ஒரு வேலை இருந்தது.)

கடந்த காலத்தில் கை வைக்காதே என்பதற்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு. மரபு. 2024 டிசம்பர் 15 அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அர்த்த மண்டபத்துக்குள் போன இளையராஜா வெளியே நிற்கச் சொல்லப்பட்டார் என்று செய்தி பற்றிக்கொண்டது. ‘அபூர்வ சக்தி 369’க்கு இசை போட்டவர் அவர்தான். அர்ச்சகர், ஜீயர் தவிர யாருக்குமே அங்கே அனுமதியில்லை, அது மரபு என்றது அறநிலையத்துறை. நடக்காததை நடந்ததாகப் பரப்புகிறார்கள், சுயமரியாதையை நான் விட்டுக்கொடுப்பவன் அல்ல என்று மறுநாள் அவரே எழுதினார். அவர் சொல்லை நான் மறுக்கவில்லை, அவர் சார்பில் அழவும் இல்லை. என் சண்டை அந்த ஒற்றைச் சொல்லோடு. அர்ச்சகர்தான் போகலாம் என்றால் அர்ச்சகர் யார்? பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்து 1970 டிசம்பரிலேயே சட்டம் போட்டாயிற்று. முறையாகப் பயிற்சி முடித்த 24 பேருக்கு வேலை உத்தரவு வந்தது 2021 ஆகஸ்டில். ஐம்பது வருஷம் அந்த மிஷின் ஒரே நாளில் சிக்கிக் கிடந்தது. எந்த ரசிகனும் லாஜிக் இடிக்கிறது என்று கத்தவில்லை.

கடந்த காலத்தைத் திருத்தினால் உலகம் இடிந்துவிடுமாம். தினமும் அதைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஒருத்தர் கணக்கில் விழவேண்டிய பணம் தப்பாக இன்னொருத்தர் கணக்கில் விழுந்துவிட்டது என்று வையுங்கள். கண்டுபிடித்ததும் என்ன செய்வோம்? ‘போனது போகட்டும், அது வரலாறு’ என்போமா? தப்புப் பதிவை ரத்து செய்து, அன்றைய தேதியிலேயே வரவு வைப்போம். வேல்யூ டேட் என்பது அதற்குப் பெயர். அந்தத் தேதியிலிருந்து வட்டியும் சேர்ந்து வரும். யார் வீடும் இடிந்ததில்லை.

அந்த வேல்யூ டேட்டை நிலத்துக்குப் போட்டுப் பாருங்கள். செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர் 1891இல் நம் மக்கள் நிலை குறித்து அறிக்கை கொடுத்தார். 1892இல் பஞ்சமி நிலம் கொடுக்க ஆணை வந்தது. பத்து வருஷம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கத்தார் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அதில் பெரும்பகுதி யார் கையில்? 1994 அக்டோபரில் காரணையில் இதைக் கேட்டதற்கு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் துப்பாக்கியால் சுட்டது போலீஸ். தப்பான கணக்கில் விழுந்த வரவு அது. எந்தத் தேதியில் ரத்து செய்து எங்கள் கணக்கில் எழுதப்போகிறீர்கள்? வட்டி எத்தனை? ரோட்டோரம் நாலு ஏக்கர் வாங்கப் பின்னால் போகிறேன் என்றானே அந்தப் பையன், அங்கே அவனுக்கு முன்னால் கையில் கண்டிஷன் பட்டாவோடு ஒரு கிழவி நின்றுகொண்டிருந்தால் என்ன செய்வான்?

அப்படியானால் இரண்டாம் பாகம் வேண்டுமா என்றால், வேண்டும். முதல் பாகத்தின் ஓட்டையை அடைக்க அல்ல. அந்தக் கிழவியை மிஷினில் ஏற்றுங்கள். 1892க்கு அல்ல, 2065க்கு அனுப்புங்கள். முதல் படத்தில் மிஷின் அங்கிருந்துதானே வந்தது. அந்தப் பளபளப்பான லேபுக்குக் கீழே ஓடும் சாக்கடையில் அன்றைக்கு யார் இறங்கியிருக்கிறான் என்று அவள் குனிந்து பார்க்கட்டும். மனிதனை மலக்குழியில் இறக்காதே என்று 2013இலேயே சட்டம் வந்தாயிற்று. 2065இலும் எங்கள் பேரன்தான் உள்ளே இருந்தால், முன்னாடி போறேன் என்று சொன்ன எங்க தெருப் பையனுக்கு நான் என்ன பதில் சொல்ல?

இதையெல்லாம் கடையில் சொன்னபோது, ‘அண்ணே, ஆடியன்ஸ் எழுந்து போயிருவாண்ணே’ என்றார்கள். போகட்டுமே. 1997இல் பஸ்ஸை விட்டும்தான் இறங்கிப் போனார்கள். படம் என்றைக்கு வந்தாலும் முதல் நாள் முதல் காட்சிக்கு எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்து வையுங்கள். பாக்கிச் சண்டையை இடைவேளையில் போடலாம்.