தம் கதைக்குத் தாய்மொழி. பிறர் தலைக்கு இந்தி!

வரலாற்றுப் புதினம் எழுதுவோர் பலர். எழுதிய புதினத்தை அரசைக்கொண்டு நடத்திக் காட்டியோர் சிலரே. அவருள் ஒருவர் கன்னையாலால் முன்சி (1887–1971).

பரூச்சு நகரில் பிறந்த இக் குசராத்தி எழுத்தாளர், பாடண் நகரிலிருந்து ஆண்ட சோலங்கி அரசர்களைப் புதினங்களாக்கிப் புகழ்பெற்றார். கசினி மகமூது 1026இல் சோமநாதர் கோயிலைத் தகர்த்ததையும் கதையாக வடித்தார். அவ்வொரு கோயிலின் வீழ்ச்சி, அவர் கருத்தில், நாடு முழுமைக்கும் நேர்ந்த மானக்கேடு.

கருத்து நூலோடு நிற்கவில்லை. நடுவண் உணவமைச்சராக இருந்துகொண்டே அக் கோயிலை மீளக் கட்டும் பணியை முன்னின்று நடத்தினார். தலைமையமைச்சர் நேரு உடன்படாதபோதும், 11.5.1951இல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத்தே விழாவுக்குச் சென்றார். 1964இல் விசுவ இந்து பரிசத்து தோன்றியபோதும் முன்சி உடனிருந்தார்.

இந்துமத மீட்பியத்துக்குக் கோயில் மட்டும் போதாது. பழம்பெருமை ஒன்றே, பண்பாடு ஒன்றே என்போர், மொழியும் ஒன்றே என்னாது விடுவரோ? அரசமைப்பு அவையில் ஆட்சிமொழிச் சிக்கல் முற்றியபோது தீர்வு வகுத்தவர் முன்சியும் கோபாலசாமி அய்யங்காரும். இருவருள் ஒருவர்க்கும் இந்தி தாய்மொழியன்று! 14.9.1949இல் தேவநாகரி எழுத்து இந்தி நடுவண் ஆட்சிமொழியாயிற்று. ஆங்கிலத்துக்கு 15 ஆண்டுத் தவணை. இந்தி தனக்கு வேண்டும் சொற்களை முதன்மையாகச் சமற்கிருதத்தினின்று பெறுக என்றது 351ஆம் பிரிவு. முன்வாயிலில் இந்தி, பின்வாயிலில் சமற்கிருதம்!

அஃது இருசாரார்க்கும் பொதுவான உடன்பாடு என்பர். இன்றே இந்தி என்போர்க்கும் பதினைந்தாண்டு கழித்து இந்தி என்போர்க்கும் இடையே அஃது உடன்பாடுதான்; என்றும் வேண்டா என்போர்க்கு அதில் இடம் ஏது?

அதனாலன்றோ 25.1.1964இல் கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி திருச்சியில் தீக்குளித்தார். தவணை முடிந்த 1965இல் தமிழக மாணவர் கிளர்ந்தெழுந்தனர். 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் ஆங்கிலம் நீடிக்கின்றது. ஆயினும் 343, 351ஆம் பிரிவுகள் இன்றும் யாப்பில் நிலைத்துள்ளன.

முன்சி தம் பாடண் வீரர்களை இந்தியில் பேசவைத்தாரா? இல்லை; குசராத்தியிலேயே பேசவைத்தார். ஓர் இனத்தின் பெருமிதம் அதன் தாய்மொழியில்தான் உயிர்க்கும் என்பதை அவர் எழுதுகோல் அறிந்திருந்தது. தமக்குத் தெரிந்த அவ்வுண்மையையே பிற இனத்தார்க்கு மறுத்தார்.

பழம்பெருமை பாடி வருவோரிடம் தமிழர் முதற்கண் வினவுக: அப் பெருமையில் தமிழுக்குரிய இடம் யாது? விடை வாராதாயின், வந்தது பெருமையன்று, விலங்கு எனத் தெளிக!