மட்டாஞ்சேரியில் ஒரு ஆசிரமம் வேணுமா?

வெளிநாட்டில் நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்தால் ரிட்டயர்மெண்ட் பேச்சு வராமல் இருக்காது. சமீபத்திய ஐடியா இது: ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றை வாங்கி ஆசிரமம் ஆக்குவது. காலையில் தியானம், சாயங்காலம் 'சமூக மாற்றம்'. நடுவில் ஏசி ரூமும் சாத்வீகச் சாப்பாடும். என்னையும் கேட்டார்கள், மாட்டேன் என்றேன். திட்டுகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள் :-)

ஆன்மீகமும் சமூக மாற்றமும் ஒட்டாது என்று நான் சொல்லவில்லை. நாராயண குரு நம்ம மருந்துவாழ்மலையில் தவம் இருந்தவர்தான். ஆனால் மலையை விட்டு இறங்கி வந்தார். 1913-ல் ஆலுவாவில், பெரியாற்றங்கரையில் அத்வைத ஆசிரமம் தொடங்கினார். கூடவே சமஸ்கிருதப் பள்ளிக்கூடமும் நடத்தினார். 1924-ல் சர்வமத மாநாடு அங்கேதான் நடந்தது. வாதாடி ஜெயிக்க அல்ல, அறியவும் அறிவிக்கவுமே கூடுகிறோம் என்று வாசலில் எழுதி வைத்தார்கள். தலைமை தாங்கியவர் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்த சதாசிவ ஐயர்.

முக்கியமான விஷயம் இதற்கும் முன்னால் நடந்தது. ஃபோர்ட் கொச்சியில் ஜங்கார் ஏறி வைப்பின் தீவுக்குப் போனால், அதன் வடக்குப் பக்கம் செறாய். குருவின் சீடர் அய்யப்பன் 1917-ல் அங்கே ஈழவர்களையும் புலையர்களையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார். ஈழவரான அவரை அவர் சாதிக்காரர்களே 'புலையன் அய்யப்பன்' என்று ஏசி ஒதுக்கி வைத்தார்கள். அவரும் அந்தப் பேரைப் பெருமையாக ஏற்றுக்கொண்டார். குரு அவர் பக்கம் நின்றார்.

அதாவது, சொந்த ஜனத்திடம் கெட்ட பேர் வாங்கத் துணிந்தவர்கள் செய்த வேலை அது. நம்ம ஆட்கள் எதை இழக்கப் போகிறார்கள்? கொஞ்சம் டாலர். மகனுக்கு வரன் தேடும்போது உட்பிரிவு வரை விசாரிக்கிற அதே ஆசாமிகள் மட்டாஞ்சேரியில் போய் சமூகத்தை மாற்றுவார்களாம். அந்த மாற்றத்தை வீட்டு ஹாலில் ஆரம்பிக்கலாமே? விமான டிக்கெட் செலவாவது மிச்சம்.

அடுத்தது, அந்த ஊர். மட்டாஞ்சேரி துறைமுகத்தில் 'சாப்பா' என்று ஒரு முறை இருந்தது. உலோக வில்லைகளைக் கூட்டத்தில் வீசுவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்குத்தான் அன்றைக்கு வேலை. அதை எதிர்த்துப் போராடியவர்கள் மேல் 1953 செப்டம்பரில் போலீஸ் சுட்டது, தொழிலாளர்கள் செத்தார்கள். 2023-ல் வந்த 'துறமுகம்' படம் அந்தக் கதைதான். சமூக மாற்றத்துக்கு உயிர் கொடுத்த ஊருக்கு நாம் போய்ப் பாடம் எடுக்கப் போகிறோமா?

பக்கத்திலேயே ஃபோர்ட் கொச்சி தோபி கானாவில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கிறார்கள். நமக்கு ரொம்ப முன்னாலேயே பிழைக்க ஊரை விட்டுப் போன தமிழர்கள். ஆசிரமத்து பெட்ஷீட் அவர்களிடம் வெளுக்கப் போகும், சந்தேகமில்லை. தியான ஹாலில் அவர்களுக்கு இடம் உண்டா? டிரஸ்டில் ஓட்டு உண்டா? கேட்டுப் பார்த்தேன். 'அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்' என்றார்கள்.

அப்புறம் என்றால் எப்போது? வள்ளலார் 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கியபோது முதல் நாளே அடுப்பைப் பற்ற வைத்தார். இன்றுவரை அணையவில்லை. பசித்து வந்தவனிடம் சாதி கேட்கவில்லை.

ஓய்வெடுக்க ஒரு இடம் வேண்டுமா, தாராளமாக வாங்குங்கள். உங்கள் காசு, உங்கள் முதுகுவலி. பேரை மட்டும் ரிசார்ட் என்றே வையுங்கள். இல்லை, ஆசிரமம்தான் என்றால், தோபி கானாக்காரர் ஒருவரும் சுமைதூக்குகிறவர் ஒருவரும் டிரஸ்டியாக முதல் கையெழுத்துப் போடட்டும். அன்றைக்குச் சொல்லி அனுப்புங்கள், என் பங்கு செக் மறுநாளே வரும்.